51 ஆண்டு காத்திருந்த எலும்பு

எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைக்காரர்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். அந்தச் செத்த காலேஜில் எந்தக் குழந்தையாக இருந்தாலும் கால் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. திமிங்கல எலும்புக்கூடு இருக்கும் கூடம்தான் அது. 1874-ல் மங்களூர் கரையில் ஒதுங்கிய திமிங்கலம். மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது, அதனால் எலும்பு இங்கே வந்து சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய 60 அடி.

போன விடுமுறையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏழு வயது. வாலிலிருந்து தலைவரை ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே நடந்தான். துடுப்புப் பக்கம் வந்ததும் எண்ணிக்கை நின்றுபோனது. "மாமா, இதுக்குக் கை இருக்கு" என்றான். ஆமாம், வெளியே துடுப்பு. உள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு, அப்புறம் வரிசையாக விரல் எலும்புகள். மீன் என்று நாம் நினைத்த ஒன்று மீன் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு அவன் கேட்டது வேறு கேள்வி: "இவ்ளோ பெருசை யாரு எடுத்து வச்சா? எதுக்கு வச்சா?"

யார் வைத்தார்கள் என்பதற்கு அங்கேயே ஏதோ ஒரு பதில் சொன்னேன். எதற்கு என்பதுதான் வீடுவரை கூடவே வந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் கொழும்பில் வேலை பார்த்த ஒருவரின் வாழ்க்கை.

பால் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல. 1900-ல் பிறந்தவர், 1976-ல் மறைந்தார். அப்பா சர் பால் பீரிஸ் வரலாற்று ஆசிரியர். தம்பி ஜஸ்டின் இலங்கையின் நவீன ஓவியர்களில் முக்கியமானவர். இவர் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, ஹார்வர்டு என்று மூன்று இடங்களில் படித்துவிட்டு ஊர் திரும்பி அருங்காட்சியக வேலைக்குப் போனார். 1939-லிருந்து 1963 வரை இலங்கை தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர். கொழும்பில் 1877-ல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்திலும் ஒரு திமிங்கலம் உண்டு. 1894-ல் அம்பலாங்கொடையில் கரை ஒதுங்கிய நீலத் திமிங்கலம் அது. தெரணியகல பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

அவருடைய வேலையை இன்றைய கணக்கில் ஒரே துறைக்குள் அடக்க முடியாது. கடல் ஆமைகளைப் பல ஆண்டு ஆராய்ந்தார். பாம்பு, பல்லி, மீன் எல்லாம் பார்த்தார். ரத்தினபுரியில் இரத்தினக் கல்லுக்காகத் தோண்டிய குழிகளில் கிடைத்த எலும்புகளை வைத்து, இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் இருந்தன என்று காட்டினார். அங்கே சிங்கம் இருந்தது என்று 1939-ல் எழுதினார். பலாங்கொடை மனிதன் என்று இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஆதி மனிதரின் எலும்புகளுக்கும் அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். இத்தனைக்கும் நடுவில்தான் திமிங்கலம்.

திமிங்கலத்தைப் படிக்கும் அருங்காட்சியக உயிரியலாளருக்கும் மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தவளையை ஆராய்பவர் மழைக்காலத்தில் குளத்துக்குப் போகலாம். வண்டை ஆராய்பவர் வலையோடு காட்டுக்குப் போகலாம். திமிங்கல எலும்பை ஆராய்பவரால் எங்கேயும் போய் எடுத்துவர முடியாது. கடல் எப்போது எதைக் கரையில் போடுகிறதோ, அதுதான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் வரும், அடைமழையிலும் வரும், சம்பளம் போடும் தேதியிலும் வரும். செய்தி கிடைத்து ஓடும்போது அது அழுக ஆரம்பித்திருக்கும். நம் வெயிலில் இரண்டு நாள் போதும், வயிறு ஊதித் தோல் உரிந்துவிடும். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு மூக்கு நுனியிலிருந்து வால் பிளவுவரை அளக்க வேண்டும். துடுப்பின் நீளம், கண் இருக்கும் இடம், பல் எத்தனை, பல் எந்த இடத்தில், ஆணா பெண்ணா, வயிற்றில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஊர் மக்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்புறம் கத்தி, கோடாரி, வண்டி. சதையை அறுத்து, எலும்பை மண்ணில் புதைத்தோ தண்ணீரில் ஊறப்போட்டோ சுத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அப்போதும் முடிந்தது என்று சொல்ல முடியாது. திமிங்கல எலும்புக்குள் நெய் நிறைந்திருக்கும். காட்சிக்கு வைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

1963 ஜனவரி 26. நமக்குக் குடியரசு நாள். அன்று கொழும்புக்குத் தெற்கே ரத்மலானைக் கரையில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியது. நீளம் நாலரை மீட்டர், அதாவது ஒரு காரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பெண். முகம் டால்பின்போல முன்னால் நீண்டு கூராக இருந்தது. ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்தை அலகை வைத்துத்தான் அழைக்கிறார்கள். நாமும் அலகுத் திமிங்கலம் என்று சொல்லலாம்.

உலகத்தில் இன்றைக்கும் மிகக் குறைவாகத் தெரிந்த பெரிய விலங்குகள் எவை என்றால் இவற்றைத்தான் சொல்ல வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. எல்லாம் கரையை விட்டு எட்டி, ஆழ்கடலில் வாழ்பவை. மூச்சுவிட மேலே வருவது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் கீழே கணவாய் தேடும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குவியர் அலகுத் திமிங்கலம் 2,992 மீட்டர் ஆழம்வரை போனது பதிவாகியிருக்கிறது. இன்னொன்று 3 மணி 42 நிமிடம் மூச்சை அடக்கியிருந்தது. இப்படிப்பட்ட விலங்கைக் கப்பலில் போய்ப் பார்த்துவிட முடியுமா? சில வகைகளைப் பற்றி மனிதருக்குத் தெரிந்த எல்லாமே, கரையில் செத்துக் கிடந்த நாலைந்து உடல்களிலிருந்து தெரிந்ததுதான்.

ரத்மலானையில் வந்தது இதுவரை யாரும் விவரிக்காத புது வகை என்று தெரணியகல முடிவு செய்தார். அதே ஆண்டில் அருங்காட்சியகத்தின் சொந்த ஆய்விதழில் எழுதினார். பெயர் வைக்கச் சிங்களத்துக்குப் போனார். 'ஹொட்ட' என்றால் அலகு, 'உல' என்றால் கூர்மை. இரண்டையும் சேர்த்து 'ஹொட்டவுல': கூர் அலகு. அறிவியல் பெயரில் மெசோப்ளோடான் ஹொட்டவுல. இலத்தீனும் கிரேக்கமும் ஆண்ட அந்த உலகத்தில், கடற்கரையில் நின்று பார்த்தவர் வாயில் வரும் சொல்லையே பெயராக்கியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் 'திமிங்கிலம்' என்ற சொல்லே அப்படி ஒரு கற்பனையில் பிறந்ததுதானே. திமி என்றால் பெருமீன், அந்தத் திமியையே விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்க ஒன்று இருந்தால் திமிங்கிலகிலம் என்று வடமொழிக்காரர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். ஆனால் அந்தச் சொல்லை உண்டாக்கியவர் எவரும் அதன் பல்லை எண்ணியிருக்க மாட்டார். தெரணியகல எண்ணினார்.

அந்தப் பல்தான் சிக்கலும் ஆனது. இந்த வகை அலகுத் திமிங்கலங்களில் ஆணுக்குக் கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு பல் வெளியே தெரியும். அந்தப் பல்லின் வடிவமும் அது இருக்கும் இடமும்தான் ஒரு வகையை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும். பெண்ணுக்குப் பெரும்பாலும் பல் ஈறுக்குள்ளேயே இருந்துவிடும். ரத்மலானையில் வந்தது பெண். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1958-ல், ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் ஓர் அலகுத் திமிங்கலத்தை விவரித்திருந்தார்கள். அதன் பல் ஜிங்கோ மரத்தின் விசிறி இலைபோல இருந்ததால் பெயரும் அதையொட்டியே. இலங்கையில் வந்தது அந்த ஜப்பான் வகைதான், புதிது ஒன்றும் இல்லை என்று 1965-ல் வேறு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இரண்டே ஆண்டில் பெயர் போயிற்று. அறிவியலில் இதற்குச் சத்தம் எதுவும் இருக்காது. அடுத்து வரும் பட்டியல்களில் ஒரு பெயர் இன்னொரு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போய்விடும், அவ்வளவுதான்.

அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. தெரணியகல பெயர் வைப்பதில் தாராளமானவர். ஆசிய யானையையே பல உள்ளினங்களாகப் பிரித்துப் பெயர் கொடுத்தவர். ஹொட்டவுலவை அறிவித்த அதே 1963 கட்டுரையில் ஒரு சிறு துடுப்புத் திமிங்கலத்தையும் புது உள்ளினமாகச் சொல்லி, அதற்கும் சிங்களத்தில் பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. அவர் கொடுத்த பெயர்களில் நிறையவே நிலைக்கவில்லை. 'இவர் எப்போதும் இப்படித்தான்' என்று மற்றவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை என்பது என் ஊகம். ஒருவர் பத்துத் தடவை தவறினால் பதினோராவது தடவை சரியாகச் சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது. அந்த நிலையில் அவருக்காகப் பேச மிச்சம் இருந்தது ஒன்றுதான், எலும்பு.

புது வகை என்று அறிவிக்கும்போது எந்த உடலை வைத்து அறிவித்தார்களோ அது 'மூல மாதிரி'. நமக்குப் புரியும்படி சொன்னால் மூலப்பத்திரம். மனை வாங்கும்போது பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்தாலும் வக்கீல் கடைசியில் மூலப்பத்திரம் எங்கே என்றுதான் கேட்பார். அதேபோல, ஒரு பெயரைப் பற்றி நாளைக்குச் சண்டை வந்தால் எல்லாரும் திரும்பிப்போய்ப் பார்க்க வேண்டியது அந்த ஓர் உடலைத்தான். கட்டுரை பிழையாக இருக்கலாம், படம் கோணலாக இருக்கலாம், எழுதியவருக்கே மனம் மாறியிருக்கலாம். எலும்பு மாறாது. ஆனால் அது தொலையாமல் இருக்க வேண்டும். அதன்மேல் கட்டிய சீட்டு அழியாமல் இருக்க வேண்டும். பூச்சி, ஈரம், இடமாற்றம், 'இது என்ன பழைய எலும்பு, தூக்கிப் போடு' என்று சொல்லும் புது அதிகாரி, எல்லாவற்றையும் தாண்ட வேண்டும்.

அது தாண்டியது. தெரணியகல 1963-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். 1976-ல் காலமானார். எலும்பு இருந்த இடத்தில் இருந்தது. அப்புறம் 2014-ல், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெரெல் டேல்பௌட்டும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள வெப்பமண்டலத் தீவுகளில் ஐம்பது ஆண்டுகளில் கிடைத்த ஏழு மாதிரிகளை அவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இலங்கை, மாலத்தீவு, சீஷெல்ஸ், பசிபிக் நடுவில் கிரிபாட்டி, ஹவாய்க்குத் தெற்கே பால்மைரா. இவற்றில் ஒரே ஒன்றில்தான் நல்ல சதைத் துணுக்கு இருந்தது. மற்றவற்றில் எலும்பைத் துளைத்துப் பொடி எடுத்து, அதில் உடைந்து கிடந்த சிறு சிறு டிஎன்ஏ துண்டுகளைச் சேர்த்துப் படித்தார்கள். அழிந்துபோன விலங்குகளின் எச்சங்களுக்குப் பயன்படுத்தும் முறை அது. மண்டையோட்டின் அமைப்பையும் ஒப்பிட்டார்கள். முடிவு: ஜிங்கோ பல் திமிங்கலத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் அது வேறு, இது வேறு. தெரணியகல சொன்னதுதான் சரி. ஹொட்டவுல என்ற பெயர் திரும்ப வந்தது. இன்று அந்தத் திமிங்கலத்தை ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அவர் மறைந்து 38 ஆண்டு. ரத்மலானைக் கரைக்குப் பின் 51 ஆண்டு. 1963-ல் டிஎன்ஏவின் வடிவம் தெரிந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. எலும்பைத் துளைத்து அதைப் படிக்க முடியும் என்று யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். அதாவது, எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே எடுத்து வைத்தார். அக்கா மகன் கேட்ட 'எதுக்கு' என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைக்கு இருக்கும் கேள்விக்காக மட்டும் அருங்காட்சியகம் எலும்பைச் சேர்ப்பதில்லை. கேள்வி பின்னால் வரும்.

இது கொழும்பின் தனிக்கதையும் இல்லை. நம் சென்னை மாகாணத்திலேயே இதற்கு ஓர் அண்ணன் கதை உண்டு. சர் வால்டர் எலியட் என்பவர் இங்கே அரசு அதிகாரி. நாணயம், கல்வெட்டு, பறவை என்று எல்லாவற்றிலும் நாட்டம் உள்ளவர். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்து சென்னைக்குக் கொண்டுவந்ததால் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். விசாகப்பட்டினத்தில் இருந்தபோது, அந்தக் கடலில் பிடிபட்ட டால்பின், திமிங்கல வகைகளின் எலும்புகளையும் ஓவியங்களையும் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே உயிரியலாளர் ரிச்சர்டு ஓவன் அவற்றைப் படித்து 1866-ல் புது வகைகளை அறிவித்தார். இன்று சிலிகா ஏரியில் படகில் போய் மக்கள் பார்க்கும் ஐராவதி டால்பினுக்கு அறிவியல் பெயர் வந்தது அந்த விசாகப்பட்டின மாதிரியிலிருந்துதான். இன்னொன்று, குள்ள எண்ணெய்த் திமிங்கலம். அதற்கும் தெரணியகலவின் திமிங்கலத்துக்கு நேர்ந்ததேதான் நேர்ந்தது. ஏற்கெனவே தெரிந்த வேறொரு சிறிய எண்ணெய்த் திமிங்கலத்தோடு அதைச் சேர்த்து, இரண்டும் ஒன்றே என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1966-ல்தான் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹேண்ட்லி, மாதிரிகளை ஒப்பிட்டு இரண்டும் வேறு வேறு என்று நிலைநாட்டினார். சரியாக நூறு ஆண்டு!

எலும்புக்கு வெளியேயும் சேமிக்க வேண்டியவை இருக்கின்றன. நீலத் திமிங்கலம் போன்ற பல்லில்லாத பெரிய திமிங்கலங்களின் காதுக்குள் அழுக்கு மெழுகுபோலச் சேர்ந்து, மரத்தில் வளையம் விழுவதுபோல அடுக்கு அடுக்காகப் படியும். அதை எண்ணி வயதைச் சொல்லலாம். அருங்காட்சியகங்கள் அதையும் பெட்டி பெட்டியாக வைத்திருந்தன, வயது கணக்கிட மட்டும்தான் உதவும் என்ற எண்ணத்தில். பிற்பாடு அந்த அடுக்குகளில் உள்ள ஹார்மோனை அளந்து பார்த்தபோது, திமிங்கல வேட்டை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவற்றின் மன அழுத்தமும் கூடியிருந்தது தெரிந்தது. 2018-ல் வெளியான ஆய்வு இது. காதழுக்கில் எழுதி வைத்த வரலாறு என்று சொன்னால் கேட்பவர் நம்பமாட்டார், ஆனால் உண்மை.

சரி, இங்கே என்ன நடக்கிறது? தமிழ்நாட்டுக் கரையில் திமிங்கலம் ஒதுங்குவது புதிதல்ல. 1973 ஜனவரியில் தூத்துக்குடிப் பக்கம் 147 பைலட் திமிங்கலங்கள் ஒன்றாகக் கரையேறின. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பகுதியில் 80-க்கு மேல் வந்தன. மீனவர்கள் இரவெல்லாம் அவற்றைக் கடலுக்குள் இழுத்துவிடப் பாடுபட்டார்கள், பாதிக்கு மேல் செத்துப்போயின. இரண்டும் பொங்கல் சமயம். இப்படிப் பெரிதாக நடந்தால் விஞ்ஞானிகள் வருகிறார்கள், கட்டுரை வருகிறது. தனியாக ஒன்று ஒதுங்கினால்தான் பிரச்சினை. நாற்றம் பரவும், கூட்டம் கூடும், செல்ஃபி எடுப்பார்கள். கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை முடித்ததும் ஜேசிபியால் பள்ளம் தோண்டி மூடிவிடுவார்கள். சுகாதாரத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால் கண்டவர் எலும்பைத் தூக்கிப்போகவும் கூடாது, அதுவும் சரியே. ஆனால் மூடுவதற்கு முன்னால் ஒரு தலையையாவது தனியே எடுத்து வைக்கலாம். ஒரு விரலளவு தோலை அறுத்துச் சாராயத்தில் போட்டு, தேதியும் இடமும் எழுதிய சீட்டைக் கட்டலாம். தலை பெரிதாக இருந்து தூக்க முடியவில்லை என்றால், புதைத்த இடத்தைக் குறித்து வைத்து ஓரிரு ஆண்டு கழித்துத் தோண்டலாம். மண்ணும் புழுவும் சுத்தம் செய்து தந்துவிடும். பல அருங்காட்சியகங்கள் அப்படித்தான் செய்கின்றன. இதற்குப் பெரிய செலவு இல்லை. அதைத் தன் வேலை என்று எண்ணும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு வண்டி வேண்டும், எலும்பை வைக்க ஓர் அறை வேண்டும். அந்த ஆள் இல்லாமல் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. அருங்காட்சியகம் என்றால் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் என்று மட்டுமே நினைத்துவிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால், பூட்டிய அறையில், யாரும் பார்க்காத அலமாரியில்தான் அதன் பாதி உயிர் இருக்கிறது.

சில வருஷம் முன்னால் ஒரு விடியற்காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குப்பத்துக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் ஏதோ ஒதுங்கியதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது ஈரமணல் ஓரிடத்தில் மட்டும் மேடாக, ஜேசிபி சக்கரத் தடத்தோடு இருந்தது. இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"என்னய்யா ஒதுங்குச்சு?"

"ஓங்கல்."

நம் மீனவர்கள் டால்பினைச் சொல்லும் பெயர் அது. ஆனால் எல்லா ஓங்கலும் ஒன்றில்லை என்று அவர்களுக்கும் தெரியும். கூன் உள்ளது, மூக்கு நீண்டது, மொட்டைத் தலை என்று பிரித்துச் சொல்வார்கள்.

"எந்த ஓங்கல்ங்கய்யா?"

அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல் அந்த மேட்டைப் பார்த்தார்.

"நான் கடல்ல இருந்து வர்றதுக்குள்ள மூடிட்டாங்க தம்பி. தலையைப் பாத்திருந்தா சொல்லிருப்பேன்."